கோழிக்கொண்டை ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிட்டது. இனி வளருமா?

ஆனையூர் செல்வி, மதுரை

எல்லோருக்கும் வணக்கம். மொட்டைமாடியில் பை வைத்துக் காய்கறி போடுகிறவள் நான். கத்தரி, தக்காளி, வெண்டை ஓரளவுக்குக் கைவந்துவிட்டது. பூச்செடிக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கோழிக்கொண்டையைக் கூடை கூடையாகக் கொட்டி வைத்திருப்பார்களே, உள்ளங்கை அகலத்துக்கு, வெல்வெட் துணியைக் கொசுவி வைத்த மாதிரி. அதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்கு மாலை கட்ட வீட்டுப் பூவே போதும் என்று கணக்குப் போட்டேன்.

புரட்டாசியில் விதைக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கி டீ கப்புகளில் மண் போட்டு விதைத்தேன். நன்றாகவே முளைத்தது. அந்த நேரம் பார்த்து மாடிக்குத் தளவரிசை ஓடு பதிக்கும் வேலை தொடங்கிவிட்டது. ஆள் வராமல், மழை விடாமல், வேலை இழுத்துக்கொண்டே போனது. கப்புகள் எல்லாம் மாடிப்படி ஓரத்தில் கிடந்தன. தண்ணீர் மட்டும் விடாமல் ஊற்றினேன். வேலை முடிந்ததும் பத்து அங்குலப் பைகளுக்கு மாற்றினேன். பையில் இருப்பது போன போகத்தில் தக்காளி வைத்த மண், அதில் கொஞ்சம் மண்புழு உரம் கலந்தேன்.

இப்போது கார்த்திகை. செடி ஒரு சாண்கூட இல்லை. அதற்குள் பெரும்பாலான செடிகளின் உச்சியிலும் கட்டைவிரல் நுனி அளவுக்குக் கொண்டை வந்து நிற்கிறது. நிறம் அருமையாக இருக்கிறது, குறை சொல்லமுடியாது. ஆனால் மேலே வளரவே இல்லை. மூன்று செடியில் கொண்டையே இல்லை. அணில் வால் போல மெல்லிசாகக் கதிர் மட்டும் வந்திருக்கிறது. சில இலைகளை ஏதோ ஒன்று மெல்லிய நூலால் மடித்து ஒட்டி உள்ளே இருந்து சுரண்டித் தின்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் டிஏபி உரத்தை ஊறவைத்து ஊற்றச் சொல்கிறார். கடையில் கேட்டால் "பூ பூஸ்டர்" என்று ஒரு பாட்டிலைத் தூக்கி வைக்கிறார்கள். இதில் எதை ஊற்றினால் பூ பெரிதாகும்? இல்லை, பிடுங்கிப் போட்டுவிடலாமா?

---

பசுமைத் தம்பி, திருப்பூர்

அக்கா, மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி கலந்து வாரம் ஒருதடவை தெளிங்க. சும்மா ஜம்முனு வரும். உச்சியைக் கிள்ளிவிட்டா நிறைய கிளையும் அடிக்கும்.

---

வத்தலக்குண்டு பூத்தோட்டம்

தங்கச்சி, எதையும் ஊற்றாதீங்க. பாட்டிலைக் கடையிலேயே இருக்கவிடுங்க.

நான் நிலக்கோட்டைப் பக்கம் சம்பங்கி, செண்டுமல்லியோட ஓரமா கோழிக்கொண்டையும் போடுறவன். எங்க அப்பா காலத்துல இருந்தே உண்டு. நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கும் மதுரைக்கும் போகும். வாசம் கிடையாது, ஆனா வாடாது. அதனாலதான் பெரிய மாலை கட்டுறவங்களுக்கு இது இல்லாம ஓடாது. சம்பங்கி வெள்ளைக்கு நடுவுல இந்தச் சிவப்பு ஒரு வளையம் வந்தாத்தான் மாலைக்கு எடுப்பு.

உங்க செடிக்கு நோயும் இல்ல, பட்டினியும் இல்ல. அது கப்புலயே வயசுக்கு வந்துருச்சு. இந்தச் செடி ரொம்ப அவசரக்காரச் செடி. வேர் ஓட இடம் இருக்கிற வரைக்கும் தண்டும் இலையுமா ஏறிக்கிட்டே இருக்கும். வேர் போய் சுவரை முட்டிச்சுன்னா, இல்ல நாத்துல காய்ஞ்சு காய்ஞ்சு தண்ணி குடிச்சுதுன்னா, "இதோட நம்ம காலம் முடிஞ்சது, விதை போட்டுட்டுப் போயிருவோம்"னு உச்சியில மொட்டைக் கட்டிரும். கட்டின மொட்டை எந்த உரத்தாலயும் திருப்பி இலை ஆக்க முடியாது.

கொண்டை வந்ததுக்கு அப்புறமும் விரியும்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதை விரிய வைக்கிறது கீழே நிக்கிற தண்டும் இலையும். முழங்கால் உயரம் ஏறி, தண்டு சுண்டுவிரல் கனம் ஆன செடியில உச்சி மொட்டு வந்தா உள்ளங்கை அகலத்துக்குப் போகும். எட்டு இலையோட நிக்கிற செடியில வந்தா எங்கே போகும்? இப்போ கட்டைவிரல் நுனி இருக்கிறது இன்னும் ரெண்டு விரல் அகலம் வரும், அவ்வளவுதான். இந்த நேரத்துல டிஏபி ஊற்றினீங்கன்னா மிச்சம் இருக்கிற வேரும் கருகும்.

நான் எப்படிப் போடுறேன்னு சொல்றேன், அடுத்த தடவைக்கு உங்களுக்கு உதவும். விதை ரொம்பப் பொடி. ஒரு கிராம் எடுத்தா ஆயிரத்துக்கு மேல இருக்கும். அப்படியே தூவினா ஒரே இடத்துல கொத்தா விழுந்து நாத்து நெருங்கி அழுகிரும். அதனால சலிச்ச ஆத்துமணலோட கலந்து, மேட்டுப்பாத்தியில விரலால கோடு கீறி அதுல விடுவேன். மேல மண்ணை மூடக்கூடாது, சலிச்ச எருவை லேசா தூவிவிட்டா போதும். பூவாளியில சிறு தூறலாத் தண்ணி. நம்ம வெக்கைக்கு ஒரு வாரத்துக்குள்ள முளைச்சிரும். நாத்தழுகல் பயம் இருந்தா எருவுல டிரைக்கோடெர்மா விரிடிங்கிற நன்மை செய்யிற பூஞ்சைப் பொடியைக் கலந்து வச்சுக்கோங்க.

நாத்துலேயே நிறம் தெரிஞ்சிரும். தண்டு அடியில சிவப்பு ஓடியிருந்தா பூ சிவப்பு. வெறும் பச்சையா இருந்தா மஞ்சள். மாலைக்காரங்க சிவப்பைத்தான் கேப்பாங்கங்கிறதால நான் பச்சைத்தண்டு நாத்தைக் கொஞ்சமா மட்டும் நடுவேன்.

அடுத்ததுதான் முக்கியம், நடுற நாள். நாலு அஞ்சு இலை வந்து, விரல் நீளம் ஆனதும் எடுத்து நட்டிரணும். மூணு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்குள்ள. நாத்து "இன்னும் கொஞ்சம் தேறட்டும்"னு விட்டு வச்சா தேறாது, பூத்துரும். செடிக்குச் செடி ஒரு அடி. சாயங்காலம் நட்டு உடனே தண்ணி விட்டிரணும். நட்டதில் இருந்து ஒரு மாசம் செடியை வாடவிடக்கூடாது. அந்த ஒரு மாசத்துலதான் நாளைக்கு வரப்போற கொண்டையோட அளவே முடிவாகுது. உரம் வைக்கிறதுன்னாலும் அந்த மாசத்துல வைங்க. பைக்குன்னா கடலைப்புண்ணாக்கை ஊறவச்சு, பத்துப்பங்கு தண்ணி சேர்த்து, பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை போதும். யூரியா அது இதுன்னு தழைச்சத்தைக் கூட்டினா இலைதான் கொழுக்கும், பூ தள்ளிப்போகும், காத்துக்குச் சாயும்.

தம்பி உச்சியைக் கிள்ளச் சொல்லியிருக்கார். இதுலயே இறகு மாதிரி குஞ்சம் குஞ்சமா ஒரு வகை வருமே, நர்சரியில சின்னத் தொட்டியில வச்சு விப்பாங்க, அதுக்குக் கிள்ளினா சரி. கொண்டைக்குக் கிள்ளக்கூடாது. உச்சிதான் கொண்டையே. அதைக் கிள்ளினா பக்கக் கிளையில சின்னச் சின்னதா வரும். பெரிய கொண்டை ஒண்ணு வேணும்னா பக்கக் கிளையைத்தான் ஒடிக்கணும்.

ஒரே ஒரு சந்தேகம். தக்காளி வச்ச மண்ணுன்னு சொன்னீங்க. ஒரு செடியை மண்ணோட பிடுங்கி, வாளித் தண்ணியில அலசி வேரைப் பாருங்க. உருண்டை உருண்டையா முடிச்சு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இருந்தா கதை வேற.

---

ஆனையூர் செல்வி, மதுரை

அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. காலையில் ஒன்றைப் பிடுங்கி அலசினேன். முடிச்சு எதுவும் இல்லை. ஆனால் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பைக்கு மாற்றி இத்தனை நாள் ஆகியும் வேர் டீ கப்பின் வடிவத்திலேயே நிற்கிறது! அடியில் கப்பின் வட்டம் அப்படியே தெரிகிறது; வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, பழுப்பு நிறத்தில் பாய் பின்னியது போலக் கட்டியாகிவிட்டன. வெளியே வந்திருப்பது நாலைந்து வெள்ளை வேர்தான். பை மண்ணில் முக்கால்வாசியை வேர் தொடவே இல்லை.

பூவை அறுத்துவிட்டால் மறுபடி துளிர்க்குமா? அணில்வால் செடிகளை என்ன செய்ய? இலை மடிக்கும் பூச்சிக்கு?

---

வத்தலக்குண்டு பூத்தோட்டம்

முடிச்சு இல்லைன்னா தப்பிச்சீங்க. வேர்ல முடிச்சு போடுறது நூற்புழு. தக்காளி, கத்தரிக்கு வர்றது இதுக்கும் வரும். இருந்திருந்தா அதை அடக்க அந்த மண்ணுல ஒரு போகம் செண்டுமல்லி போடச் சொல்லியிருப்பேன்.

பூவை அறுத்தா பக்கத்துல துளிர்க்கும், சுண்டுவிரல் நகம் அளவுக்கு அஞ்சாறு கொண்டை வரும். மாலைக்கு அது மோசம் இல்ல. மாலை கட்டுறவங்க பெரிய கொண்டையையே பிய்ச்சுப் பிய்ச்சுத்தான் வைக்கிறாங்க. உங்களுக்குப் பிய்க்கிற வேலை மிச்சம். பாதிச் செடியை அறுங்க, பாதியை விதைக்கு விடுங்க.

விதை எங்கே இருக்கும்னு நிறையப் பேருக்குத் தெரியாது. மேல வெல்வெட்டா இருக்கிற மடிப்புல தேடுவாங்க, அங்கே இருக்காது. கொண்டையோட கழுத்துப் பக்கம், ரெண்டு பக்கச் சரிவுலயும் சின்னச் சின்னச் செதிலா நெருக்கமா இருக்கும் பாருங்க, அதுதான் நிஜமான பூ. அது வெளுத்துச் சருகானதும் ஒரு வெள்ளைத் தாளை விரிச்சு அதுமேல கொண்டையைச் சாய்ச்சு விரலால தட்டினா கறுப்பா மினுமினுன்னு கொட்டும். மழையில நனைய விட்றாதீங்க. கொண்டை மடிப்புல தண்ணி நின்னா உள்ளுக்குள்ள பூஞ்சணம் பிடிச்சு, வெளியே பார்க்க நல்லா இருக்கும்போதே உள்ள அழுகிப் போயிரும். தண்ணியும் எப்பவும் அடியிலதான் ஊத்தணும், பூவுக்கு மேல வேண்டாம்.

அணில்வால் செடியைப் பூ விரியிறதுக்கு முன்னாடியே பிடுங்கிருங்க. அது கலப்பு. விட்டா மகரந்தம் மத்ததுல போய்ச் சேரும், அடுத்த வருஷம் உங்க விதையில கொஞ்சம் அப்படித்தான் வரும்.

இலை மடிக்கிறது கீரைக்கு வர்ற பிணைப்புப்புழு. மருந்து வேண்டாம், சாயங்காலம் மடிப்பைப் பிரிச்சு நசுக்குங்க. மாடியில இருக்கிற செடிக்கு அது அஞ்சு நிமிஷ வேலை. தொடர்ந்து வந்தா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல்.

---

ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியார், காரைக்குடி

பூத்தோட்டக்காரர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கப்பின்மீது எல்லாப் பழியையும் போடவேண்டாம். பருவத்துக்கும் இதில் பங்கு உண்டு.

கோழிக்கொண்டை, பகல் நேரம் குறையக் குறையச் சீக்கிரம் பூக்கும் இனம். மதுரையில் ஆனி மாதத்து நீண்ட பகல் ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மார்கழியில் பதினொன்றரைக்கு இறங்கிவிடும். வித்தியாசம் ஒரு மணிச் சொச்சம்தானே என்று நமக்குத் தோன்றும். செடிக்கு அது போதும். புரட்டாசியில் விதைத்தால் நாற்று தலையெடுக்கும்போதே பகல் சுருங்கிக்கொண்டு வருகிறது. கப்பில் அடைபடாமல் சரியான வயதில் நட்டிருந்தாலும் ஆனியில் விதைத்த செடியின் உயரத்துக்கு இது வந்திருக்காது. செல்வி அம்மா தை கடைசியில் மறுபடி விதைத்துப் பாருங்கள். பகல் நீண்டுகொண்டே போகும், வெயிலும் ஏறும். வெயில் இதற்கு எதிரியல்ல. குளிரும் நிழலும்தான் ஆகாது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடமாகப் பாருங்கள்.

கொண்டை எப்படி உண்டாகிறது என்று பலர் கேட்பார்கள். சாதாரணத் தண்டின் வளரும் நுனி ஒரு புள்ளி. கோழிக்கொண்டையில் அந்தப் புள்ளி பக்கவாட்டில் நீண்டு ஒரு கோடாகிவிடுகிறது. கோட்டின் நீளம் அடித்தண்டின் அகலத்தைவிட வேகமாக வளர்வதால் நேராக நிற்க இடமில்லாமல் நெளிந்து நெளிந்து மடிகிறது. வேறு செடிகளில் இப்படி நடந்தால் அதைக் கோளாறு என்போம். இதில் அந்தக் குணம் விதைவழியாக இறங்குகிறது. மனிதர்கள் அதையே தேடித் தேடிப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். அணில்வால் செடி அந்தக் குணத்தை இழந்து தன் பழைய உருவத்துக்குப் போனது. நம் சோளக்கொல்லைகளில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையும் கோழிக்கொண்டையும் ஒரே இனம்தான்.

இன்னொன்று: நர்சரியில் தொட்டியில் விற்கும் குட்டையான குஞ்சம் வகைகளில் சில வீரிய ஒட்டாக (ஹைபிரிட்) இருக்கலாம். அவற்றிலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாயைப் போல் இருக்காது. கொண்டைக்கு நாட்டு விதையே நல்லது.

---

வத்தலக்குண்டு பூத்தோட்டம்

வாத்தியார் ஐயா சொல்றது நியாயம். நாங்க ஆயுதபூஜையைக் குறிவச்சு ஆனிக் கடைசி, ஆடி முதல் வாரம் நாத்துப் போடுவோம். ஐப்பசியில நடுறது தைக்கு வரும், செடி சிறுசாத்தான் நிக்கும். அதனால அப்போ ஒரு அடி இடைவெளி விடாம நெருக்கி நட்டிருவேன். எண்ணிக்கையில சரிக்கட்டணும். பகல் கணக்கு எனக்குத் தெரியாது, பனிக்காலச் செடி ஏறாதுங்கிறது மட்டும் தெரியும்.

---

மாம்பலம் மாடி, சென்னை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மாலைக்கு வேண்டாம், வீட்டில் அழகுக்கு வைக்கவேண்டும் என்றால் காயவைக்கலாம். நன்றாக விரிந்து, விதை கொட்டத் தொடங்குவதற்கு முன்னால், ஈரமில்லாத வெயில் நாளில் தண்டோடு வெட்டி, இலையை எல்லாம் உருவிவிட்டு, காற்றோட்டமான இருட்டு அறையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் சிவப்பு வெளிறிவிடும். பீட்ரூட்டில் இருக்கும் அதே வகைச் சாயம்தான் இதிலும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தொங்கவிட்டால் காய்வதற்குள் பூஞ்சணம் வருகிறது. நான் மாசிக்கு மேல்தான் இந்த வேலையை வைத்துக்கொள்வேன். தேங்காய்நார்க் கழிவைப் பாதிக்குமேல் போட்ட பைகளில் மழைக்காலத்தில் வேர் அழுகிவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். செம்மண்ணைக் கூட்டி, அடியில் துளை அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

---

சாத்தூர் அத்தை

வாத்தியார் பண்ணைக்கீரைன்னு சொல்லவும்தான் எழுத வந்தேன். எங்க கரிசக்காட்டுல ஒரு மழை பேஞ்சாப் போதும், சோளத்துக்கு ஊடால, கடலைக்கு ஊடாலன்னு அதுபாட்டுக்கு மொளச்சுக் கிடக்கும். களை எடுக்கப் போறவுக மடி நிறையக் கிள்ளிக்கிட்டு வருவாக. களைக்குக் களையும் ஆச்சு, கொழம்புக்குக் கீரையும் ஆச்சு. நுனி வெள்ளையும் ரோசுமா மெழுகுவத்தி கணக்கா நிக்கும், அதான் அதோட பூ.

செல்வி, நீ பிடுங்கிப் போடப்போற அந்த மூணு செடியைக் குப்பையில போடாத தாயி. கடையில வாங்குன மருந்து எதுவும் அடிக்காம இருந்தா இளங்கொழுந்தை மட்டும் கிள்ளி எடு. கழுவி, ஒரு கொதி கொதிக்கவச்சு அந்தத் தண்ணியை வடிச்சிரு. பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், ரெண்டு வரமிளகாய், சீரகம், பூண்டு போட்டு வேகவச்சு மத்தால கடைஞ்சுக்க. கம்பஞ்சோத்துக்கு அம்புட்டு ருசி.

---

ஆனையூர் செல்வி, மதுரை

அத்தை, வேப்பெண்ணெய் தெளித்தாகிவிட்டதே, நேற்றுத்தான்.

---

சாத்தூர் அத்தை

அப்ப வேண்டாம், கசக்கும். தையில வெதைக்கும்போது நாத்து நெருக்கமா மொளைக்கும்ல, கலைச்சு எடுக்கிற நாத்தை வச்சுக்க. அது இதைவிட இளசா இருக்கும்.